ஆறடி நூல்

1967ஆம் ஆண்டு ஜனவரி பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு அது தொடங்கியது. நேரத்தில் எனக்கு ஐயமில்லை. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “மணி நாலு. எட்டுக்குள்ள படம் உன் கையில கீது, போதுமா?” என்று அப்பாவிடம் சொன்னார்.

சித்தப்பா ஆண்டர்சன்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தார். முதலாளியின் கேமராவையும், பேட்டரியில் இயங்கும் ஃபிளாஷையும், படத்துக்கு ஒன்றாக எரிந்துபோகும் மூன்று பல்புகளையும், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்கே கொண்டு வந்திருந்தார். ஸ்டூடியோவில் நிறுத்தினால் நானும் தங்கையும் மரப்பாச்சிகளாகிவிடுவோமாம். வீட்டில் எடுத்தால்தான் குழந்தைகள் படத்தில் குழந்தைகளாக விழுவார்களாம்.

படம் எதற்கு என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாதது குழந்தைகளுக்குத் தெரியாது என்பது பெரியவர்களின் நம்பிக்கை. ஒரே அறை கொண்ட வீட்டில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. மதியம் நான் தூங்குவதாக நினைத்து அப்பா அம்மாவிடம் பேசியதை முழுவதும் கேட்டேன். வேலூரில் இருக்கும் அத்தைக்குப் பிள்ளை இல்லை. எங்கள் இருவரில் ஒருத்தியைத் தத்து எடுத்துக்கொள்ள அவர்கள் சம்மதித்திருந்தார்கள். எந்தக் குழந்தை என்பதை அத்தையின் கணவர் படத்தைப் பார்த்து முடிவு செய்வார். மறுநாள் முதல் ரயிலில் வேலூருக்குப் போகும் அப்பாவின் நண்பர் கையில் படம் போக வேண்டும்.

“வேத்து ஆளா? என் அக்காதானே? ஒண்ணாவது நல்லா துன்னு, நல்லா படிச்சி வளரட்டுமே” என்றார் அப்பா. அம்மாவின் முறத்தில் அரிசி புடைக்கும் ஓசை மட்டும் கொஞ்சம் வேகமானது.

எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. நான் போவதில்லை, அவளையும் விடுவதில்லை என்று கண்களைத் திறக்காமலே தீர்மானித்தேன்.

அந்தக் கேமராவில் முகம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய முடியாது. தூரத்தை அளந்துதான் லென்ஸைத் திருப்பி வைக்க வேண்டும். சித்தப்பா அதை ஆறடியில் வைத்துவிட்டு, மெழுகு தடவிய ஆறடி நூல் ஒன்றைக் கேமராவில் கட்டியிருந்தார். அதன் மறுமுனையை எங்கள் மூக்கு நுனியில் பிடிக்கும் வேலை அம்மாவுடையது. நூல் விறைத்ததும் சித்தப்பா நின்ற இடமே சரியான இடம். ஃபிளாஷ் சிறியது என்பதால் லென்ஸை முழுவதும் திறக்க வேண்டியிருந்தது. அப்படித் திறந்தால் ஆறடியில் இருப்பது மட்டுமே துலங்கும். முன்னும் பின்னும் கலங்கிவிடும்.

அதில் அவருக்குப் பெருமை. “இந்தத் தட்டிச் சுவரு, ஆணி, ஒண்ணும் தெரியாது அண்ணி. மூஞ்சி மட்டும் நிலா மாதிரி வரும். மச்சான் பாத்தார்னா பங்களாவுல எடுத்ததுன்னுவார்.”

எனக்கு வேண்டிய செய்தியை அவரே கொடுத்துவிட்டார். தங்கையை மடியில் இறுக்கிக்கொண்டு, பல்பு வெடித்து எரிந்த கணத்தில் அவளோடு சேர்ந்து அரைச் சாண் முன்னால் சாய்ந்தேன்.

“ஆடாத குந்து பாப்பா! பல்பு இன்னா மரத்துல காய்க்குதா?”

இரண்டாவது பல்புக்கும் சாய்ந்தேன். மூன்றாவதற்கு முன் சித்தப்பா சற்றுத் தயங்கினார்.

“இன்னா அண்ணி, புள்ளைங்க ரொம்பக் கிட்ட கீற மாதிரி இருக்குதே?”

“நூல் பொய் சொல்லுமா தம்பி? நீங்க அளந்து கட்டினதுதானே?” என்றாள் அம்மா.

தான் அளந்ததைத் தானே சந்தேகிக்க அவர் மனம் இடம் தரவில்லை. மூன்றாவது பல்பும் எரிந்து கருகியது. மீண்டும் சாய்ந்தேன்.

எட்டு மணிக்குச் சித்தப்பா ஈரம் உலராத படங்களோடு வந்தார். மூன்றிலும் நாங்கள் இரண்டு புகைத் திட்டுகளாக இருந்தோம். எங்களுக்கு இரண்டடி பின்னால் இருந்த மூங்கில் தட்டியோ பின்னல் பின்னலாகத் தெரிந்தது. அதில் ஆணி, ஆணியில் அப்பாவின் சுரங்கத் தொப்பி, தொப்பியில் கீறல் விழுந்த எண் வரை அனைத்தும் துல்லியம். வேலூருக்கு எதைக் காட்டக்கூடாதோ அது மட்டுமே விழுந்திருந்தது.

“நான்தான் ஆடினேன். வேணும்னுதான் ஆடினேன். நாங்க ரெண்டு பேரும் எங்கியும் போவ மாட்டோம்” என்றேன்.

அப்பா கையை ஓங்கினார். நான் கண்களை மூடவில்லை. அம்மா நடுவில் வந்து நின்றாள்.

“அவள ஏன் அடிக்கிறீங்க? அடிக்கணும்னா என்ன அடிங்க.”

எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று நினைத்தேன். அப்பாவின் கை இறங்கியது. வேறு பல்பு இல்லை, முதல் ரயில் படம் இல்லாமலே போயிற்று. சில மாதங்களில் அத்தையின் கணவர் தம் உறவிலேயே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டார். என் வெற்றியைப் பல ஆண்டுகள் தனியாகவே கொண்டாடினேன். அரைச் சாண் சாய்ந்தால் முகம் சற்றே மங்கும், இரண்டடி பின்னால் இருக்கும் சுவர் துலங்காது, அதற்குக் கேமராவே இரண்டடி கிட்ட வந்திருக்க வேண்டும் என்ற எளிய கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

படம் எடுத்த மறுநாள் காலை, சித்தப்பா கோபத்தில் கேமராவிலிருந்து பிய்த்து விட்டெறிந்த நூல் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. கேமராப் பக்கத்து நாலடி நேராக இருந்தது. அம்மா பிடித்திருந்த முனையில் மட்டும் இரண்டடி நீளத்துக்கு, விரலில் சுற்றி வைத்தது போல மெழுகு நூல் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தது. அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. வளையங்களைப் பல்லால் கடித்து நீவி நேராக்கினேன். ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தங்கையின் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு, அப்பா பார்க்கும்படியே வாசலைக் கடந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.