அது கோடா, இல்லையா

எங்கள் ஊர்ப் பக்கம் நீதிமன்றத்தைக் கோடு என்போம். கோட்டுக்குப் போனான், கோட்டில் நின்றான் என்பதெல்லாம் சாதாரணப் பேச்சு. கல்முனையில் பல வருடங்கள் வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வு பெற்ற நானும் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். எது கோடு, எது கோடு இல்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கத் தொடங்கிய நாளில்தான் எல்லாம் பிழைத்தது.

நாவிதன்வெளிப் பக்கம் என் மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் இருக்கிறது. காணி உறுதி அவள் பேரில். வரம்பில் நின்று சத்தம் போடுவது மட்டும் என் பங்கு. அந்த வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன வாய்க்கால் பக்கத்து வயலுக்கூடாக வருகிறது. அந்த வயல்காரர் நற்பிட்டிமுனையில் இருப்பவர். சிறுபோகம் தொடங்கிக் கொஞ்ச நாளில் அவர் அந்த வாய்க்காலை மண் போட்டு மூடிவிட்டார். அங்கே வாய்க்காலே இருந்ததில்லையாம், தன்னுடைய வரம்பில் ஒரு பள்ளம்தானாம். கதிர் வெளிவருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் நெல் பதராகிவிடும். வயல் தகராறுகளைப் பார்க்கிற அலுவலகத்தில் மனைவி முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

நான் ஆளைப் பார்த்தவுடன் நம்புகிறவன் அல்ல. அது என் குணம், மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. விசாரணை அதிகாரி அறைக்குள் வந்தபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. அதை முதலில் கவனித்தேன். பக்கத்து வயல்காரருக்கு மின்விசிறிக்குக் கீழே உட்காரக் கதிரை கிடைத்திருந்தது. அதையும் கவனித்தேன். பிறகு ஜன்னலால் எட்டிப் பார்த்தால், வெளியே நின்ற அதிகாரியின் மோட்டார் சைக்கிளில் ஒரு தயிர்ச்சட்டி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரரிடம் எருமைப் பட்டி இருப்பது எனக்குத் தெரியும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதிகாரி அவரிடம் முதலில் கேள்வி கேட்டார், அதுவும் மெதுவாக. என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"சேர், இது என்ன விசாரணை? தயிர் விசாரணையா?"

மனைவி என் கையைக் கிள்ளினாள். அதிகாரி பேனையை மேசையில் வைத்தார்.

"மாஸ்டர், இது சட்டப்படி நடக்கிற விசாரணை. இதுக்குள்ள இருந்து இப்பிடிக் கதைச்சா அது கோட்ட அவமதிக்கிற மாதிரி. விளங்குதா?"

இரண்டு நாளில் கடிதம் வந்தது. முறைப்பாட்டுக்காரி அவள் என்பதால் அவள் பேருக்குத்தான் வந்தது. அவளுடைய சார்பில் கதைத்தவர் விசாரணையை அவமதித்திருக்கிறார், நடவடிக்கை எடுக்காமல் இருக்க வேண்டுமானால் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்றிருந்தது.

"ஒரு வரி மன்னிப்பு எழுதுங்க. முடிஞ்சிரும்," என்றாள். "அந்தத் தயிர் சந்தியில விக்கிறதுகா. நாமளும் அங்கதானே வாங்குற."

"அதே சட்டியா எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

எனக்கு மன்னிப்பு எழுத மனம் வரவில்லை. எழுதினால் தயிரை நானே சுத்தமாக்கியது போலாகிவிடும். மனைவியின் தம்பி கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருக்கிறான். அவனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன்: இந்த மாதிரி அதிகாரி கோடா, இல்லையா? அவன் வட்ஸ்அப்பில் இரண்டு இந்தியத் தீர்ப்புகளை அனுப்பினான். முதலாவது எனக்குத் தேன். சாட்சிக்கு ஆளைக் கூப்பிடலாம், சத்தியம் வாங்கலாம், கேள்வி கேட்கலாம். அதனால் மட்டும் ஒருவர் நீதிமன்றம் ஆகிவிடமாட்டார். அவர் சொல்வது கட்டுப்படுத்துகிற முடிவாக இருக்கவேண்டும், வெறும் அறிக்கையாக இருந்தால் போதாது. இரண்டாவது அவ்வளவு ருசிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத் தகராறுகளைத் தீர்த்துவைக்கிற ஓர் அதிகாரியை, அவமதிப்பு விஷயத்தில் நீதிமன்றமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றது அது.

"மச்சான், ரெண்டையும் சேத்து வாசிங்க. ஆளுக்கு ஆள் மாறும். அதோட இது இந்தியாச் சட்டம்," என்றான் தொலைபேசியில்.

அவன் யார் பக்கம் என்று எனக்கு அப்போதே ஒரு ஐயம் வந்தது. இரண்டாவது தீர்ப்பை அழித்துவிட்டேன்.

மூன்று பக்கத்தில் பதில் எழுதினேன். 'தாங்கள் ஒரு நீதிமன்றம் அல்ல. ஆகவே தங்களை அவமதிப்பது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது' என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டேன். முதல் தீர்ப்பின் பிரதியையும் இணைத்தேன். படிப்பித்த காலத்தில்கூட இவ்வளவு அழகாக எழுதியதில்லை. மனைவி வாசித்துப் பார்த்தாள்.

"ஒப்பம் வைக்கிறன். ஆனா இது உங்கட வாய்," என்றாள்.

அடுத்த விசாரணைக்கு, வரப்போகும் அநியாயத்துக்கு மேன்முறையீட்டை மடியில் கட்டிக்கொண்டு போனேன். அதிகாரி என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு தந்திரம் என்று நினைத்தேன். பழைய வரைபடத்தை விரித்தார். வயலுக்கு நேரில் போய்ப் பார்த்த குறிப்பை வாசித்தார். அது வாய்க்கால்தான், பள்ளம் அல்ல, மூன்று நாளில் திறந்துவிடவேண்டும் என்று கட்டளை எழுதினார். எனக்குக் காது கேட்டதா என்று எனக்கே தெரியவில்லை. வீடு வரும் வரைக்கும் இதில் என்ன சூது என்று யோசித்தேன். அவ்வளவு வெட்கங்கெட்டவன் நான்.

மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் மண் அப்படியே இருந்தது. பக்கத்து வயல்காரர் வரம்பில் குந்தியிருந்தார். கட்டளையைக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து எனக்குக் காட்டினார். என் கடிதம்.

"கோடு இல்லண்டு நீங்கதானே மாஸ்டர் எழுதிக் குடுத்திருக்கிங்க? கோடு சொல்லட்டும், திறக்கிறன்."

பார்த்தாயா, அதிகாரி இவனிடம் கடிதத்தைக் கொடுத்திருக்கிறான் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம், நான்தான் குடுத்தன். ஒரு பக்கம் தாற கடதாசிய மற்றப் பக்கத்துக்கும் குடுக்கத்தானே வேணும்? அவர் தந்ததெல்லாம் உங்கட வீட்டுக்கும் வந்ததே."

வந்திருந்தன. நான்தான் பிரித்துப் பார்க்கவில்லை.

"சரி சேர், அவர் உங்கட கட்டளைய மதிக்கல்ல. அவமதிப்பெண்டு பிடிச்சுப் போடுங்க," என்றேன்.

அவர் கோப்பைத் திறந்து என் மூன்று பக்கத்தையும் வெளியே எடுத்தார். இணைத்திருந்த தீர்ப்பில் பென்சிலால் கோடு போட்டு வாசித்திருந்தார்.

"அந்த அதிகாரம் எனக்கு இருக்கெண்டுதான் நானும் நினைச்சிருந்தன். இத வாசிச்ச பிறகு மேலிடத்தில கேட்டன். நீங்க எழுதினது சரியாம். நான் கோடு இல்லயாம். இனி நான் அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்குத்தான் அனுப்பணும். அது போய்வர நாள் எடுக்கும்." பிறகு மனைவியைப் பார்த்தார். "உங்கட வேளாண்மை தண்ணி இல்லாம எத்தின நாள் தாங்கும்?"

அவள் கடிதத்தில் தான் ஒப்பம் போட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழ்க்கையில் நான் வென்ற ஒரேயொரு சட்ட வாதம் அதுதான். கோட்டுக் கட்டளை வந்து வாய்க்கால் திறந்தபோது கதிர் வெளிவந்து முடிந்திருந்தது. மேட்டுப் பக்கம் முழுக்கப் பதர். அவள் ஒரு நெற்கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினாள். எல்லாம் பறந்துபோனது. என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த போகத்துக்கு முன் வாய்க்காலுக்கு நிரந்தர எல்லை போட இன்னொரு விசாரணை வைத்தார்கள். அதே அறை, அதே அதிகாரி. வெளியே மோட்டார் சைக்கிளில் தயிர்ச்சட்டி தொங்கியது. நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. அவர் உள்ளே வந்தபோது என் கால்கள் தாமாக எழுந்துவிட்டன. அந்த அறையில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரிங்க," என்றாள். "இது கோடு இல்லையே."