மேஜர் சாரின் சைபர்

மராத்தி பேசும் நகரம் ஒன்றில், ஔந்துப் பகுதியில் இருந்த எங்கள் அலுவலக வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. ‘நம் மின்னஞ்சலின் தாமதம்: 0 விநாடி’ என்று நீல மையில் எழுதியிருக்கும். எழுதியவர் எங்கள் மேலாளர்; ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வந்த வேலூர்க்காரர், எல்லோருக்கும் மேஜர் சார். வானவடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் ஒரு வாடிக்கையாளருக்குத் தன் கையால் குட் மார்னிங் மடல் அனுப்புவார். அது போக எத்தனை விநாடி ஆயிற்று என்பதை சர்வரின் பதிவிலிருந்து சீட்டாக அச்சடித்து நான் நீட்ட வேண்டும். எப்போதும் சைபர்தான். வருகிறவர்களுக்கு டீ வருவதற்கு முன்பே பலகையைக் காட்டிவிடுவார். இப்போது அதே ஊரில், கராடிப் பக்கம் வேறொரு கம்பெனியில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களின் தாமதத்தைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

நான் சேர்ந்த ஆறாவது மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம் என்பது விதி; பத்து நாள் குறைந்தாலும் மாதக் கடைசியிலேயே உத்தரவைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அதை நம்பி, வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று சொல்லியிருந்த கோயம்புத்தூர் மாமனார் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மின்னஞ்சல் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றினேன். மறுநாள் சீட்டில் 0.6 என்று வந்தது.

“இதென்னப்பா பாயிண்ட் சிக்ஸ்? நல்லா ஓடின வண்டிய எதுக்கு நோண்டின?” என்றார். என் உத்தரவு அவர் மேஜைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும் என்று நினைத்துக்கொண்டு, சீட்டு அச்சடிக்கும் நிரலில் கிட்டத்திலுள்ள முழு எண்ணாக ரவுண்ட் பண்ணச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டேன். அடுத்த நாளும் மடல் 0.6 விநாடியில்தான் போனது. சீட்டில் 1 என்று வந்தது.

“அரே, இன்னிக்கு ஃபுல் ஒண்ணா?”

உண்மையைக் கக்கினேன். வேகம் மாறவேயில்லை, இந்த ஒன்று நான் ரவுண்ட் பண்ணியதால் வந்தது, பழைய பதிப்பு புள்ளிக்குப் பின்னால் இருந்ததை மறைத்தது, 0.9கூட அதற்கு சைபர்தான் என்றேன்.

“அப்ப வர்றவன் போறவனுக்கெல்லாம் நான் காட்டினது புளுகா?”

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எழுந்து போய் சைபரை அழித்துவிட்டு 0.6 என்று எழுதினார். திரும்பி வந்து என் உத்தரவைக் கையில் எடுத்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

“நீ சேந்து அஞ்சு மாசம் இருபது நாள்தானே ஆச்சு? ரவுண்ட் பண்ணா ஆறு. இனிமே இந்த ஆபீஸ்ல ரவுண்ட் கிடையாது. பத்து நாள் கழிச்சு வா.”

கோயம்புத்தூருக்குப் போன் போட்டு மாமனாருக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. சரியாகச் சொன்னால், முப்பத்து நான்கு நிமிடம்.