பெண் பார்க்கப் போகும் வழியில் பரோட்டா

தம்பிக்குப் பெண் பார்க்க அலைந்ததில் என் செருப்பு தேய்ந்ததைவிட வயிறு கெட்டதுதான் அதிகம். சிலமலையில் சொந்தத் தோட்டம், கிணறு, மாடு எல்லாம் இருக்கிறது. இருந்து என்ன? விவசாயம் என்று சொன்னதுமே பெண் வீட்டார் முகம் சுண்டிப்போகிறது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூத்தவள் நான்தான் அலையவேண்டும்.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம். சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை காப்பி, மிக்சர், கொஞ்சம் கேசரி, அவ்வளவுதான். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் வழியில் ஓட்டலில் ஒரு பிடி பிடித்துவிடுவோம். தேனியில் எந்தக் கடையில் சால்னா நன்றாக இருக்கும், கம்பத்தில் எங்கே பிரியாணி ஊசிப்போயிருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. பார்த்த பெண்களின் முகம்தான் ஒன்றும் நினைவில் இல்லை.

போன மாசியில் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வரன் வந்தது. பெண்ணின் அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. எனக்குக் கிளம்பும்போதே அலுப்பு. போடியில் பஸ்சை விட்டு இறங்கி வழக்கம்போல் ஓட்டலில் நுழைந்தோம்.

"நல்லாப் போடு மாப்ளே. மேல போனா அதே மிக்சர்தான்" என்று என் வீட்டுக்காரர் தம்பியின் இலையில் பரோட்டாவை அடுக்கினார். கோழி வறுவல் வந்தது, ஆம்லெட் வந்தது, போதாதென்று பிரியாணியும் சொன்னார். தம்பி தலை நிமிராமல் தின்றான்.

"போதும்டா" என்றேன்.

"இது ஒண்ணாச்சும் ஒழுங்கா நடக்கட்டும்க்கா" என்றான்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு ஏற ஏற, தின்றதெல்லாம் தொண்டைவரை வந்து வந்து போனது. அட கருமமே, இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எப்படிச் சிரித்துப் பேசப்போகிறேன் என்றிருந்தது.

அந்தப் பெண் காப்பித் தட்டோடு வந்தாள். குனியவில்லை. தம்பியை நேராகப் பார்த்து, "என்ன வெள்ளாமை போட்டிருக்கீக?" என்று கேட்டாள். "தக்காளி. கொஞ்சம் மொச்சை" என்றான். அவள் உள்ளே போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். உடனே அவள் அப்பா வந்து, "எங்களுக்குச் சம்மதம். நீங்க என்ன சொல்றீக?" என்றார். அவர் மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில், "சம்மதம், சம்மதம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அப்ப கை நனைச்சிட்டுத்தான் போகணும். ஊணு தயாரா இருக்கு" என்றார் பெண்ணின் அம்மா, சாப்பாட்டை ஊணு என்கிற மலைக்காரர்களின் பேச்சில்.

இலை போட்டார்கள். சோற்றிலும் நாட்டுக்கோழிக் குழம்பிலும் ஆவி பறந்தது. அந்த வாசனை பட்டதுதான் தாமதம், தம்பி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் ஒரு வாய் வைத்தேன். இறங்க மாட்டேன் என்றது.

"எங்க வீட்டுச் சோறு எறங்கலையோ?" என்றார் பெண்ணின் அம்மா.

பெண்ணின் அப்பா முகம் கறுத்துவிட்டது. "மனசுல வேற எதுவும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. வாயில சம்மதம்னுட்டு இலையில இப்பிடி வச்சா எப்பிடி?"

போச்சு, கைக்கு வந்ததும் போச்சு என்றிருந்தது எனக்கு.

தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"மனசுல ஒண்ணுமில்லங்கய்யா. எத்தனையோ வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டோம். யாரும் எங்களச் சாப்பிடச் சொன்னதில்ல. இங்கயும் சொல்ல மாட்டீகன்னு நெனச்சு கீழயே தின்னுட்டு வந்துட்டோம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேவிட்டேன்.

"அட, அதுக்கென்ன மாப்ளே. பசிக்கிறப்ப சாப்பிடுவோம், உக்காருங்க" என்றார் பெண்ணின் அப்பா.

பொழுது சாய்கிறவரை எங்களுக்குப் பசிக்கவில்லை. அதுவரை அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.