புலவர் தட்டிப் பார்த்த கதவு

எழுத எனக்குத் தகுதி இல்லை. பத்தாவது வரை படித்தவன். கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் சர்க்கரையும் எடை போட்டே என் காலம் போனது. ‘இன்று மண்ணெண்ணெய் இல்லை’ என்று கடை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியதுதான் நான் அதிகம் எழுதியது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பேச முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பியை வெட்டிக் கொன்றார்கள். வாழைக்கு யார் முதலில் மடை திறப்பது என்ற சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் அவனை வயலிலிருந்து துரத்திக்கொண்டு வந்து, ஆற்றுப் படித்துறையில் வெட்டினார்கள். அவனுக்கு இருபத்தாறு வயது. வெட்டியவர்கள் அன்றைக்கே அரிவாளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டதால் வழக்கில் துப்புத் துலக்க எதுவும் இல்லை. கோர்ட்டில் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். செத்தது உன் தம்பிதானா, இது அவன் சட்டைதானா. இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுசு முடியாமல் வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குப் பீடம் கட்டி, அவனைச் சாமியாக வைத்துக் கொடை என்ற திருவிழா கொடுப்பார்கள். கொடையில் அவன் கதையை வில்லுப்பாட்டாகப் பாட வேண்டும். அவன் செத்த இடத்துக்குப் பாட்டு வரும்போது அவன் சாமியாடியின் மேல் இறங்கி வந்து பேசுவான். அம்மாவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. மகனுடைய கடைசி வார்த்தையை யாருமே கேட்கவில்லை என்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது. “ஒரு வார்த்த கேட்டுட்டாப் போதும், நான் கண்ண மூடிருவேன்” என்பாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டவன் நான்.

அன்று மத்தியானம் எங்கள் தெருவே டிவி இருந்த வீட்டில் கூடியிருந்தது. அம்மாவும் அங்கேதான். நான் மட்டும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாய் வந்துவிடும் என்று முன்கதவைத் தாழ் போட்டிருந்தேன். ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினான். “அண்ணே, தொறண்ணே” என்றான். எச்சில் கையோடு எழுந்து போய் இடது கையைத் தாழ்ப்பாளில் வைத்தேன். அதற்குள் அவனுக்குப் பின்னால் வேறு ஆட்கள் ஓடி வருவதும் கேட்டது. மூன்று தரம் கூப்பிட்டான். என் கை தாழ்ப்பாளில் இருந்தபடியே இருந்தது. பிறகு ஓடிவிட்டான். படித்துறை எங்கள் தெருக்கோடியில்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கு முடிந்ததும் பீடம் கட்டினோம். பாட்டுக் கட்டுவதற்கு மாமா ஒரு புலவரைக் கூட்டி வந்தார். மாமா அம்மாவின் தம்பி, உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். சாமியாடப் போகிறவரும் அவர்தான். புலவர் ஒல்லியான மனிதர், காதிடுக்கில் பென்சில், கையில் நாற்பது பக்க நோட்டு. மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கினார். போலீசும் வக்கீலும் கேட்காததையெல்லாம் அவர் கேட்டார். வேட்டியில் என்ன கரை, எந்தக் கால் செருப்பு அறுந்தது, வழியில் யார் வீட்டு நாய் குரைத்தது.

“கடைசியா என்னம்மா சாப்பிட்டான்?”

“எங்க சாப்பிட்டான்? வெறும் வயித்தோடதான் வயலுக்குப் போனான். மத்தியானம் வந்து திம்பான்னு சாளை மீன் கொழம்ப மூடி வச்சிட்டுப் போனேன்.”

அன்றைக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததும் அந்தக் குழம்புதான். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன்.

“மூத்தவன் எதாவது சொல்லுதானா?” என்று புலவர் கேட்பது காதில் விழுந்தது.

“அவன் வாயிலருந்து வார்த்தயப் புடுங்கதுக்குக் குறடுதான் வேணும் அண்ணாச்சி” என்றார் மாமா. “பொண்ணு பாக்கப் போன எடத்துல பேரு கேட்டதுக்கே முழிச்ச பய.”

மூன்றாம் நாள் காலையில் புலவர் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். “அவன் ஓடுன ஓட்டத்த நானும் ஒருதரம் நடந்து பாக்கணும் வே. இல்லன்னா பாட்டு நொண்டும்” என்றார். வயலிலிருந்து எண்ணி எண்ணி நடந்தார். தெருமுனையில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று எங்கள் தெரு வழியாகவும் மற்றது வாய்க்கால் கரை வழியாகவும் படித்துறைக்குப் போகும்.

“எந்தப் பக்கம் திரும்புனான்?”

“வாய்க்கா கரையோட போயிட்டான் அண்ணாச்சி. தெருவுக்குள்ள வரல.”

எழுதிக்கொண்டார். பாட்டுதானே, பாட்டில் ஒரு பாதை மாறினால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

திரும்பி வரும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்றார். விரலை மடக்கிக் கதவை மூன்று தரம் தட்டினார்.

“தேக்கா?”

“வேம்பு.”

“வெளிய தட்டுனா உள்ள நல்லாக் கேக்கும் என்னா?” என்றார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பைய சொன்னார்: “வெட்டுப்பட்டவன் பாட்டுல பொய் இருந்துச்சுன்னா அவன் வர மாட்டான் வே. கொடையில பாத்திருக்கேன். எதையும் விட்டுட்டீராவே?”

“இல்ல அண்ணாச்சி.”

கொடை நாள் வந்தது. மத்தியானக் கொடை. பந்தல் நிறைய ஆட்கள். மாமா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு பீடத்துக்கு முன்னால் நின்றார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். புலவர் வீசுகோலால் வில்லை அடித்துப் பாடத் தொடங்கினார். பக்கத்தில் குடம் தட்டும் குடக்காரர் வரிக்கு வரி “ஆமா” போட்டார். வயல், சண்டை, துரத்தல், வாய்க்கால் கரை, படித்துறை, வெட்டு. மாமா அசையவில்லை.

துரத்தலிலிருந்து மறுபடியும் பாடினார். மாமாவின் முகத்தில் வியர்வை மட்டும்தான் ஓடியது.

“மாமனுக்கு ஒரு சோடா குடுங்கலே, தெம்பா ஆடட்டும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“பய வழி மறந்துட்டான் போல” என்றது இன்னொன்று. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மூன்றாவது தரமும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பீடத்தைக் கட்டிக்கொண்டாள். “வாலே, எய்யா. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலே. என் மேல என்னலே கோவம்? வீட்ட விட்டுட்டு டிவி பாக்கப் போனேனே, அதுக்காலே? சத்தியமா அன்னையிலருந்து அதக் கண்ணால பாக்கலலே.” நெற்றியைப் பீடத்தில் மோதினாள். பீடத்துச் சுண்ணாம்பில் ரத்தம் ஒட்டியது. இரண்டு பெண்கள் பிடித்து இழுத்தும் அவள் விடவில்லை.

அதற்கு மேல் என்னால் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பின்பக்கமாகப் போய்ப் புலவர் காதருகே குனிந்தேன்.

“தெரு வழியாத்தான் வந்தான். எங்க கதவத்தான் தட்டுனான். மூணு தரம் கூப்பிட்டான். நான் உள்ள நின்னேன். தொறக்கல.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “பாடட்டுமா?” என்று மட்டும் கேட்டார்.

“அம்மா இருக்கா அண்ணாச்சி.”

“அவளுக்குத்தான வே பாட்டு.”

நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் வீசுகோலைத் தூக்கினார்.

“தெருமுனையில் திரும்பிவிட்டான், தன் வீட்டைத் தேடிவந்தான்.”

“ஆமா” என்றார் குடக்காரர். புது வரி என்பதால் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே என்று மூணு தரம் அழுதுகொண்டே தட்டினானே.”

“ஆமா.”

“உள்ளே அண்ணன் நின்றிருந்தான், தாழ்ப்பாளில் கையிருக்க.”

“ஆமா.”

அந்த மூன்றாவது ஆமாவைப் பந்தலில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். அம்மா பீடத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள்.

அப்போதுதான் மாமா கத்தினார். அவர் உடம்பு ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கிப் போட்டது. குலவைச் சத்தத்தில் புலவர் பாட்டு கேட்கவில்லை. மாமா ஆடிக்கொண்டே வந்து அம்மா முன்னால் மண்டிபோட்டார்.

“சொல்லுலே” என்றாள்.

“பசிக்கி” என்றார்.

படையலிலிருந்து சோற்றை அள்ளி அவள் அவர் வாயில் ஊட்டினாள். அவர் மென்று விழுங்க விழுங்க ஊட்டிக்கொண்டே இருந்தாள். வாய் நிறையச் சோறோடு அவர் அழுதார்.

பிறகு எல்லாருக்கும் திருநீறு கொடுத்தார். வரிசையில் நானும் நின்றேன். எல்லார் நெற்றியிலும் பூசியது போலவே என் நெற்றியிலும் பூசிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். நின்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். சாயங்காலம் வரை அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும்போது புலவர் மட்டும் என் தோளைத் தொட்டு, “வாரேன் வே” என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா மாமாவோடு உடன்குடிக்குப் போய்விட்டாள். பந்தல்காரர்கள் வந்து மூங்கிலைப் பிரித்தார்கள். நான் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன். அன்று சர்க்கரை போட்டோம்.