தண்ணீரில் போனவளின் பெயர்

மூன்று வருடம் யோபா யாரிடமும் சண்டை போடவில்லை. கணவன் கிரைனின் வீட்டார் போட்ட தப்புக்கணக்கு அங்கேதான் தொடங்கியது. வாய் திறக்காதவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

மூத்த பிள்ளை பிறந்தது 1971இல். பெண். பெயர் முன்பே முடிவாகியிருந்தது: தன்னா, யோபாவின் அம்மா பெயர். மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர் என்பது கடலை அணைகட்டித் தடுத்து வாழும் சேலாந்துத் தீவுகளில் எழுதாத சட்டம். யோபாவுக்கு அது சட்டத்தைவிடப் பெரியது. ஐம்பத்து மூன்றில் அணை உடைந்து கடல் ஊருக்குள் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. கூரைமேல் நான்கு பேர் ஏறினார்கள். விடிந்தபோது மூன்று பேர் இருந்தார்கள். அம்மாவின் உடல் கிடைக்கவில்லை. கல் நட ஓர் இடம்கூட இல்லை. மிஞ்சியது பெயர் மட்டும்.

கிரைன் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் நகராட்சிக்குப் போனான். பிறப்பைப் பதிவது தகப்பன் வேலை. போகிற வழியில் தன் அம்மா வீட்டில் ஒரு காபி குடித்தான். திரும்பி வந்து, கல்யாணத்தன்று கொடுத்த குடும்பப் பதிவுப் புத்தகத்தைப் படுக்கையில் வைத்தான். அதில் நீல மையில் பீட்டர்நெல்லா என்று எழுதியிருந்தது. அவன் அம்மாவின் பெயர்.

"அம்மா சொன்னாங்க யோபா. நாம சிப்பிப் படகுல போற குடும்பம். தண்ணியில போனவ பேரை வீட்டுக்குள்ள கூப்பிட்டா கடல் நம்மளைத் திருப்பிக் கூப்பிடுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? அவங்க காபி ஊத்திக்கிட்டிருந்தாங்க."

யோபாவுக்கு ஆறு தையல் போட்டிருந்தது. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான். பிள்ளையை நெல்லி என்று கூப்பிட்டார்கள். பிள்ளைமேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உயிராகத்தான் வளர்த்தாள். ஆனால் நெல்லியைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் மாமியார் பெயர் வாயில் வந்து போனது. சிப்பி பிரிக்கும் கொட்டகையில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவள் யோபா. செத்த சிப்பியைத் தட்டிப் பார்த்த சத்தத்திலேயே கண்டுபிடித்து எறிவாள். பொறுமையும் கைத்திறனும் இருந்தன. நாள்தான் வரவேண்டியிருந்தது.

எழுபத்து நான்கில் மறுபடி கர்ப்பம். ஒரே ஒரு தடவை கிரைனிடம் கேட்டாள். "பாத்துக்கலாம்" என்றான். மாமியார் ஏற்கெனவே பெயரைப் பார்த்து முடித்திருந்தாள்.

"பையன்னா கிரைனோட அப்பா பேரு. பொண்ணுன்னா எங்கம்மா பேரு. மாத்யே."

"சரி அத்தை" என்றாள் யோபா.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கறிக்கடைக்கு என்று கிளம்பி நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

"பிள்ளை பிறந்தா அப்பாதான் வந்து பதியணுமா?"

குமாஸ்தா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "அப்பாவுக்கு அது கடமை. அம்மாவுக்கு உரிமை. ஆனா நான் உக்காந்த பதினோரு வருசத்துல ஒரு அம்மாவும் வந்ததில்லீங்க. பத்து நாள் படுக்கையில கிடக்கிறவங்க எப்படி வருவாங்க?"

"எத்தனை நாளுக்குள்ள?"

"மூணு. சனி, ஞாயிறு பூட்டு. கடைசி நாள் அதுல விழுந்தா திங்கட்கிழமை."

யோபா அரைக் கிலோ கறியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வலி எடுத்தது. கட்டிலை முன்பே மரக்கட்டைகள் வைத்து உயர்த்தியிருந்தார்கள். குனிந்து குனிந்து மருத்துவச்சிக்கு முதுகு போய்விடக்கூடாது. கூட இருந்தவள் டிங்கனா. பிரசவ வீட்டுக்கு வந்து பத்து நாள் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் தாதி, ஐம்பது வயது, அகன்ற தோள். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குப் பிள்ளை வந்தது. பெண். மூன்று கிலோ அறுநூறு. தலை வெளியே வந்த நொடியில் யோபா கத்தவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மருத்துவச்சி இப்படி ஒருத்தியைப் பார்த்ததே இல்லை என்றாள். இந்தத் தடவை இரண்டே தையல். யோபா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"பேரு?" என்றாள் மருத்துவச்சி.

"மாத்யே" என்றது வாசற்படியில் நின்ற மாமியார் குரல்.

யோபா பிள்ளையின் ஈரத் தலையைத் தடவினாள். "அத்தை சொல்லிட்டாங்கல்ல."

சனிக்கிழமை மாமியாரே அச்சகத்துக்குப் போய், பிள்ளை பிறந்ததை ஊருக்குச் சொல்லும் அட்டைகளை அச்சடித்து வந்தாள். நூற்றுப் பதினாறு. இளஞ்சிவப்பு ஓரம், நடுவில் பிள்ளை சுமந்து வரும் நாரை, கீழே பெரிய எழுத்தில் மாத்யே. உறைகளில் முகவரி எழுதினாள். யோபா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தபால்தலைகளை நக்கி நக்கி ஒட்டினாள்.

"நீ படுத்துக்கோயேன்" என்றாள் மாமியார்.

"இருக்கட்டும் அத்தை. எனக்கும் ஒரு பங்கு வேணாமா?"

ஞாயிறு ஓய்வுநாள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல்கூடக் கோர்க்க மாட்டார்கள், தபால் போடுவார்களா? அட்டைகள் அலமாரிமேல் காத்திருந்தன. கிரைன் இரண்டு தடவை தேவாலயத்துக்குப் போய் வந்து கோட்டை ஆணியில் மாட்டினான். சாயங்காலம் பால் இறங்கி மார்பு கல்லாகியிருந்த வேளையில், மறுநாள் பதிவுக்காக அவன் அந்தக் கோட்டின் உள்பையில் வைத்திருந்த குடும்பப் புத்தகத்தை யோபா எடுத்துத் தலையணைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை கிரைன் கடல் ஏற்றத்தோடு படகில் போய்விட்டான். மதியம் வந்ததும் நகராட்சிக்குப் போவதாக ஏற்பாடு. எட்டரைக்கு மாமியார் வந்து அட்டைக் கட்டைத் துணிப்பையில் போட்டாள்.

"சீக்கிரம் போய்ப் போட்டுடுங்க அத்தை" என்றாள் யோபா. "மழை வரும் போல இருக்கு."

ஜன்னல் வழியே பார்த்தாள். தபால் பெட்டி தெருமுனையில் இருந்தது. மாமியார் கைநிறைய அள்ளி அள்ளிப் போட்டாள். கடைசி உறையும் விழுந்தது; மாமியார் அப்படியே தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். யோபா கட்டிலிலிருந்து இறங்கினாள். தரை சுழன்றது. கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள்.

டிங்கனா வாளியோடு உள்ளே வந்தாள். கோட்டும் காலணியுமாக நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொறந்தது வெள்ளிக்கிழமை. இன்னைக்கு என்ன கிழமை?"

"கடைசிக் கிழமை" என்றாள் யோபா. புத்தகத்தைக் காட்டினாள். மூன்று வருடக் கதையை மூன்று வரியில் சொன்னாள்.

டிங்கனா வாளியைக் கீழே வைத்தாள். அவளுடைய அண்ணனும் அதே தண்ணீரில் போனவன். "நான் பின்கட்டுல துணி அலசிக்கிட்டிருக்கேன் கண்ணு. எனக்கு ஒண்ணும் தெரியாது. சைக்கிள்ல உக்காந்துடாதே, தையல் பிரிஞ்சுடும். புடிச்சுக்கிட்டே நட. ரத்தம் அதிகமாப் போனா அந்த இடத்துலயே படுத்துடு. பிள்ளை அழுதா நான் பாத்துக்கிறேன்."

ஒரு கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர். எதிர்க்காற்று. சைக்கிளை ஊன்றுகோலாக்கி நடந்தாள். ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. வழியில் இரண்டு தடவை நின்றாள். இரண்டு தடவையும், வலியால் அல்ல, மாமியார் முகத்தை மனசுக்குள் பார்த்து ரசிப்பதற்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி உண்மை.

குமாஸ்தா எழுந்து நாற்காலி கொண்டுவந்தார். அவள் உட்காரவில்லை. கோட்டின் முன்பக்கம் பால் நனைந்து இரண்டு வட்டங்கள் தெரிந்தன. அவர் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பேரு?"

"தன்னா."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அந்தக் கேள்வி உங்க படிவத்துல இருக்குதா?"

இல்லை. அவர் எழுதினார். அவள் மை காயும்வரை நின்று பார்த்தாள்.

அவள் அதேபோல நடந்து திரும்பி, கட்டிலில் ஏறிவிட்டாள். பன்னிரண்டரைக்கு வீடு கலகலத்தது. மாமியார் ரஸ்க்கில் வெண்ணெய் தடவி வெள்ளையும் சிவப்புமாகச் சர்க்கரைச் சோம்பு தூவிக்கொண்டிருந்தாள், வரப்போகும் விருந்தாளிகளுக்கு. கிரைன் உப்புக் காற்று வாசனையோடு வந்து கோட்டுப் பையைத் துழாவினான்.

"புத்தகம் எங்க?"

"தேடாதே. இங்க இருக்கு" என்றாள் யோபா.

வாங்கினான். பிரித்தான். நின்றான்.

"என்னடா?" மாமியார் எட்டிப் பார்த்துப் படித்தாள். கையிலிருந்த ரஸ்க் சாய்ந்து சோம்பு தரையெல்லாம் உருண்டது. "எப்ப?"

"நீங்க தபால் பெட்டிகிட்ட நின்னீங்களே, அப்பத்தான் கிளம்பினேன்."

"ஐயோ, நூத்திப் பதினாறு வீட்டுக்கு மாத்யேன்னு போயிடுச்சே!"

"ஆமா. ஸ்டாம்பு நான்தான் ஒட்டினேன். ஒண்ணுகூடத் திரும்பி வராது."

"கிரைன், போய் மாத்திட்டு வா! மூணாம் நாள் கிறுக்கு இது. பிள்ளை பெத்தவளுக்கு மூணாம் நாள் புத்தி தடுமாறும்."

"காய்ச்சல் இல்லீங்க" என்றாள் டிங்கனா அடுப்படியிலிருந்து. "காலைல பாத்தேன். முப்பத்தாறு புள்ளி எட்டு."

"மாத்தணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும் அத்தை" என்றாள் யோபா. "போங்க. எதுக்குன்னு நீதிபதி கேப்பாரு. செத்துப்போன ஒருத்தி பேரு புடிக்கலைன்னு உங்க வாயால சொல்லுங்க."

மாமியார் கிரைனின் தோளைப் பிடித்தாள். "என் மகன் கடலுக்குப் போறவன்டி."

"எங்கம்மா கடலுக்குப் போகல. வீட்டுல படுத்திருந்தா. கடல்தான் எங்க வீட்டுக்கு வந்துச்சு."

மாமியார் சமையலறைக்குப் போய்த் தன் கோட்டைத் தேடினாள். அதன்பின் இருபத்திரண்டு வருடம், சாகிறவரை, அவள் அந்தப் பிள்ளையைச் 'சின்னவ' என்றுதான் கூப்பிட்டாள். யோபா அதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. யோபாவின் மனம் இறங்கும் என்று காத்திருந்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

அந்த மதியம் கிரைன் தொட்டில் பக்கம் கை நீட்டினான். யோபா பிள்ளையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். காலுக்கிடையில் சூடாக ரத்தம் இறங்குவது தெரிந்தது. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"குடு" என்றான்.

"யாரைக் கேக்கற?"

"பிள்ளையை."

"எந்தப் பிள்ளையை?"

அவன் சமையலறைக் கதவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தன்னாவை" என்றான், உதடு மட்டும் அசைய.

"கேக்கல."

"தன்னாவை."

"எனக்குக் கேட்டுச்சு. உங்கம்மாவுக்குக் கேக்கல."

அவன் கழுத்து சிவந்தது. படகில் இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகியவன். வீட்டில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

"தன்னா!"

பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரித்தது. சமையலறையில் பின்கதவு அறைந்து சாத்தப்பட்டது. யோபா பிள்ளையை அவன் கையில் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.