ஒரு வாய்க் கடலும் சாமியின் வலது தோளும்

சித்தேரி மலையில் எங்கள் குலசாமிக்குக் கோபுரம் கிடையாது, கூரை கிடையாது. மலை விளிம்பில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதற்கு அந்தப் பக்கம் பள்ளம்தான். கல்லை வெறும் மண்ணில்தான் நட வேண்டும், சிமெண்டு ஆகாது என்பது முறை. சாமிக்கு எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் போகட்டும் என்று விட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் வகையறாவில் கல்யாணம் என்றால் முதலில் அங்கே போய்ப் பூ கேட்க வேண்டும். கல்லை நனைத்து, உச்சியில் ஓர் அரளிப்பூவை ஒட்டிவிட்டுக் காத்திருப்போம். சாமியின் வலது தோள் பக்கம் விழுந்தால் சம்மதம். இடது பக்கம் என்றால் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும். பொழுது சாயும்வரை விழவே இல்லை என்றால் அடுத்த வருஷம் வந்து கேள் என்று அர்த்தம். என் கல்யாணத்துக்குப் பூ ஒட்டிய மாத்திரத்தில் வலது பக்கம் விழுந்தது. சாமி யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று என் மனைவி சொல்வாள்.

இந்தத் தடவை கேட்கப் போனது என் மகளுக்காக. ஓசூரில் அவளோடு ஒரே கம்பெனியில் வேலை செய்யும் பையனுக்கு ஊர் கடலூர்ப் பக்கம், கடற்கரைக் குப்பம். பையன் தங்கமானவன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கடலோரத்தில் பெண் கொடுத்த வழக்கம் எங்களுக்கு இல்லை, சாமி வாக்கு இல்லாமல் கல்யாண வேலையில் கை வைக்கமாட்டேன் என்று என் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பூ வரலைன்னா பெரியப்பாவ மீறி நான் கட்டிக்க மாட்டேம்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்." சொல்லிவிட்டு அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆட்டுக்கல் குழவியை நிறுத்தி வைத்து, நனைத்து, அரளிப்பூ ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். விழுந்த பூவெல்லாம் இடது பக்கம்தான் விழுந்தது. குழவி கோணல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பூ கேட்கும்வரை மாப்பிள்ளை மலை ஏறக் கூடாது. அதனால் பையனின் அம்மா மட்டும் வந்திருந்தார். மீன் ஏலம் விடுகிற குரல், கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய சேலை. கையில் ஒரு பாட்டில் கடல்தண்ணி. விடியற்காலையில் அலை கால்மாட்டுக்கு வந்தபோது அள்ளியதாம். உறவு கூடுகிற இடத்துக்குக் கடலாத்தாவும் வர வேண்டும், உங்கள் சாமியை இந்தத் தண்ணியால்தான் நனைக்க வேண்டும் என்றார். அண்ணனுக்கு அது பிடித்துப் போனது. அந்தம்மா பாட்டிலை என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, என்னிடம்.

அரூரிலிருந்து மலை பஸ். வளைவு ஒவ்வொன்றிலும் பள்ளம் ஜன்னலோரம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. பூ இடது பக்கம் விழுவது போல ஒரு காட்சி கண்ணில் ஓடிக்கொண்டே இருந்தது. நாக்கு வறண்டு, பைக்குள் கையைவிட்டு, கிடைத்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் நிறையக் குடித்தேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. ஒரு தெய்வத்தை விழுங்கியிருக்கிறேன். அடுத்த வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் பதற்றத்தில் செய்ததை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வாய் கொப்பளிப்பதற்கும் அதே பாட்டிலைத்தான் எடுத்தேன். முன் சீட்டில் இருந்த மனைவி, மகள், பையனின் அம்மா மூவரும் திரும்பவில்லை. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

மலைமேல் பூசாரி காத்திருந்தார். பாதி பாட்டிலை நீட்டினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்மேல் கடல்தண்ணி வழிந்தது. பூசாரி பூவை ஒட்டினார். நாங்கள் கீழே உட்கார்ந்தோம்.

பூ அசையவில்லை. பொழுது மட்டும் நகர்ந்தது. கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் மெல்ல ஏறி வந்தது. அரூரும் வயலும் ரோடும் அதில் முங்கிப் போயின. எதிர்மலைகளின் தலைகள் மட்டும் வெளியே மிதந்தன. வெள்ளை வெளேரென்று அது எங்கள் பாறைவரை வந்து, முட்டி, பின்வாங்கி, திரும்பவும் வந்தது. சத்தமே இல்லை. பையனின் அம்மா எழுந்து விளிம்பருகே போய் நின்றார். இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது ஏத்தம். செத்த நேரத்துல வத்தும்" என்றார், தன் ஊர்க் கரையில் நின்று அலை ஏற்றம் பார்ப்பவர் போல. அவர் சொன்னபடியே அது வற்றியது. நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு கடலின் அடியில் வெகுகாலமாக உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றியது. வயிற்றுக்குள் ஓர் அலை புரண்டது. கிறக்கமா, பித்தமா தெரியவில்லை.

மகளைப் பார்த்தேன். அவள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெயில் மஞ்சளாகிவிட்டது. அண்ணன் ஒரு தடவை மேற்கே பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த உதறலுக்கு 'அடுத்த வருஷம்' என்று பொருள். என்னால் முடியவில்லை.

"ஒரு தப்பு பண்ணிட்டனுங்க" என்றேன். "பஸ்ல வர்றப்போ, தெரியாம, உங்க ஆத்தாவ ஒரு வாய் குடிச்சிட்டனுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னை அப்படித்தான் பார்த்து வருகிறார். பையனின் அம்மா நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வாயா? பாட்டில் பாதி இல்லியே அண்ணே."

"மீதியில வாய் கொப்பளிச்சிட்டனுங்க."

"பஸ்ஸ வுட்டு எறங்குறப்பவே தெரியும். மீசையில உப்பு பூத்துக் கெடக்குது. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

பூசாரிக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. அவர் வேலையை அவர் பார்த்தார். "அப்ப ஆத்தா உன் வயித்துல இருக்குது. கல்லு மேல ஊத்துனது பத்தல. நீயே வந்து சாமி கால புடிச்சி கேளு" என்றார்.

முட்டி போட்டேன். கல்லின் அடியை இரண்டு கையாலும் பிடித்தேன். கேட்பதற்கென்று பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஓடிப்போயின. "பாப்பா பாவம்" என்றுதான் வந்தது. கை ஆடத் தொடங்கியது. கையிலிருந்து தோள், தோளிலிருந்து முதுகு. இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஆடியது. ஆடுவது நானா, கல்லா, அதற்குக் கீழே மலையா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மூடியிருந்தபோதுதான் அது விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது பூ சாமியின் வலது பக்கம் மண்ணில் கிடந்தது. அண்ணன் குனிந்து எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பையனின் அம்மாவின் முந்தானையில் போட்டார். "சாமி குடுத்துருச்சுங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மகள் என் பக்கத்தில் வந்தாள். "கல்ல நீ தள்ளுனியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குத் தெரியாதும்மா என்றேன். அது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பாறை மேல் நின்றால் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். அவள் அதில் ஏறிப் பையனைக் கூப்பிட்டாள். "வுழுந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல்தான் வந்தது. பையன் கரையில் நிற்கிறான், காதில் விழுவது அலை என்றாள். அண்ணன் போனுக்குக் கை நீட்டினார். அவர் வாழ்நாளில் கடலைப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி, கூப்பிட்டு விசாரிக்கப்படுகிற ஆள் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தப் பக்கம் இரைகிற கடலாத்தா என்னைப் பற்றி ஏதாவது சொல்லி வைப்பாளோ என்று நான் அவசரமாகப் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.