டப்பாவுக்காகக் கெட்ட குட்டை

இப்படித்தான் ஆகும் என்று போன வாரமே சொன்னேன்.

எதிர்வீட்டு தேவராஜ், கதவுக்கு அடித்து மீந்த பச்சை எனாமல் பெயிண்டை மாடுகள் குடிக்கும் குட்டையில் கொட்டப் போனான். "மண்ணைப் போட்டுக் கலந்து காய வுடுடா. கட்டியானதும் டப்பாவோட குப்பையில போடு" என்றேன்.

"டப்பாவோடயா? இன்னா மாமா, தண்ணி மொள்ள ஆவுமே" என்று பெயிண்டைக் குட்டையில் கொட்டி, டப்பாவை அங்கேயே கழுவினான்.

இன்று குட்டைமேல் பச்சை ஏடு, குமட்டும் நாற்றம். அவன் எருமையே கழுத்துவரை பச்சையாகி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் திரும்பியது. அவன் மனைவி தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறாள்.

"மழை பெஞ்சா சரியாப் பூடும் மாமா" என்கிறான். தூ.

கழுத்துவரை என்பது என் கைச்சரக்கு. மூக்கு நுனிதான் பச்சை. குடிக்காதது நிஜம். உங்கள் தெரு தேவராஜ் எங்கே கொட்டுகிறார்?